புழுவுக்குக் கோயில் கட்டலாம்

பாப்பாவின் அப்பாவுக்கு அன்பான வணக்கம்.

உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் நலம். கப்பலின் ஆட்டம் பழகிவிட்டது.

இங்கே ஒரு சின்னக் கூத்து, பயப்பட ஒன்றுமில்லை. ஆழ்கடல் தரையில் குழாயை இறக்கிச் சேற்றை அப்படியே அள்ளி வருவோம். மேலே புதுசு, கீழே பழசு. அடுக்குக் கலையக் கூடாது. நான் எடுத்த குழாயில், ஒரு சாண் ஆழத்தில் புதுப்பாசி பச்சையாக இருந்தது. "குழாயைச் சாய்ச்சுட்டீங்களாம்மா?" என்று தலைமை விஞ்ஞானி எல்லார் முன்னாலும் கேட்டார். என் முகம் சுண்டிப்போனது. சேற்றைத் துண்டு போட்டால், அதே ஆழத்தில் ஒரு புழு சுருண்டு கிடக்கிறது! மேலிருந்து விழுந்த பாசியை அதுதான் கீழே இழுத்துப்போய்ப் புதைத்திருக்கிறது. அதில் கொஞ்சத்தை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக்கிவிடும். மீதி அங்கேயே பத்திரமாகத் தங்கும். "திருடன் மாட்டிக்கிட்டான், மன்னிச்சுக்கங்கம்மா" என்று அவரே டீ கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் புழுவுக்குக் கோயில் கட்டலாம்.

அன்று மாலை கம்பளிச் சட்டைக்காகப் பெட்டியைக் கவிழ்த்தேன். 'என் அடுக்கைக் கலைக்காதீங்க' என்று உங்களோடு சண்டை போட்டேனே, அதே பெட்டிதான். அடியில் பாப்பாவின் ஒற்றைக் காலுறை, அழுக்கோடு! அந்தப் புழுவுக்குப் பாடம் எடுத்ததே நீங்கள்தானோ? நல்லவேளை, என் பேச்சை நீங்கள் கேட்கவில்லை.

அடுத்த குழாய் மேலே வருகிறது, கூப்பிடுகிறார்கள். தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது, துறைமுகத்துக்கு அனுப்புங்கள். உங்கள் பழைய துண்டில் சுற்றி அனுப்புங்கள். துண்டைத் துவைக்க வேண்டாம்.

பாப்பாவின் அம்மா