அமைச்சனுக்குப் பதில் சொல்லவில்லை

ஞாயிறு, பாப்பிரெட்டிப்பட்டி.

ஆறு மாதமாகக் காத்திருந்த கேமின் புதிய பாகம் இன்று வந்தது. திறந்ததும் வெறுத்துப்போனது. பழைய பாகத்தில் தேனாகப் பேசியே என் படையைக் காட்டிக்கொடுத்த அமைச்சன்தான் இதில் எல்லாமே. அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால்தான் கதவு திறக்கிறது. எரிச்சலில் போனைக் கட்டிலில் போட்டேன்.

தக்காளியைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவி செல்வி எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். அமைச்சனைப் பற்றிச் சொன்னேன்.

"மண்டியில வெல பேச வர்றவங்களும் இப்படித்தான் கொழைவாங்க. நான் வாயே தொறக்க மாட்டேன். நீங்களும் சும்மா நில்லுங்க."

போனை எடுத்து, திரையில் வந்த பதில் எதையும் தொடாமல் அவன் முன்னால் நின்றேன். அமைச்சன் கெஞ்சினான், அப்புறம் மிரட்டினான். கடைசியில் சலித்துப்போய் அவனே நகர்ந்தான். அவன் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு மலைப்பாதை!

இன்னும் அதில் கால் வைக்கவில்லை. நாளைக்கு செல்வி மண்டியிலிருந்து வரட்டும், சேர்ந்தே போகிறோம்.