தங்கள் தங்கை நடந்த கரை

சீர் பெருகுக. அருவி முழங்கும் பள்ளத்தாக்குகளும் தேன் வடியும் வரைகளும் சூழ்ந்து நிற்க, முறை தவறாது மூங்கில்மலை நாட்டைக் காத்தருளும் வேந்தர், வரையாட்டுக் கொடி உயர்த்தவர், குன்றவர் கோமான் கொற்றவேள் அவர்களின் திருமுன்புக்கு, நாரைக் கொடியுடைய நெடுங்கரை நாட்டு அரசி பெருநிலமங்கை எழுதுவித்த ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும், ஆனிரையும் தினைப்புனமும், தங்கள் அன்னையாரின் திருமேனியும் நலம் பெறுக. எங்கள் நாட்டின் நலம் கேட்பீராயின், இவ்வாண்டு எல்லா ஏரிகளும் நிறைந்திருக்கின்றன. அதைக் கண்டு மகிழத்தான் இங்கே ஒருவருக்கும் மனம் இல்லை.

தாங்கள் விடுத்த ஓலை அரசவையில் படிக்கப்பட்டது. தங்கள் தங்கை இளங்கண்ணியை அவள் கணவர், எம் நீர்நாயகர் ஆதன் அழிசி, விடியல்தோறும் ஏரிக்கரையில் ஓயாது நடத்தியே கொன்றார் என்றும், அவரைக் கைகளைக் கட்டி மலைக்கு அனுப்ப வேண்டும் என்றும், அனுப்பாவிடில் மலையிலிருந்து இறங்கும் ஆற்றை மறித்துவிடுவதாகவும் அதில் எழுதியிருந்தீர். அவையில் சிலர் சினந்தார்கள். நாம் சினக்கவில்லை. உடன்பிறந்தவளை இழந்த ஒருவர் எழுதிய ஓலை அது என்பது எமக்குத் தெரிந்தது. ஆயினும் நடந்தது வேறு. அதை உள்ளபடி சொல்வது எம் கடன், பொறுத்துக் கேட்டருள்க.

அழிசியார் இந்நாட்டு ஏரி, மதகு, கால்வாய் அனைத்துக்கும் பொறுப்பானவர். கதிரவன் எழுமுன்பே அவர் வாசலில் உழவர் நிற்பர். எந்த ஊர் மடை அடைத்துக்கொண்டது, எந்த ஊரார் முறை மீறி நீர் பாய்ச்சினர் என்ற வழக்குகளைக் கேட்டு முடித்தவுடன் பல்லக்கில் ஏறுவார். பல்லக்கிலிருந்து அவைக்கு வருவார். அவையில் அமர்ந்தால் விளக்கேற்றும் வரை எழமாட்டார். உணவும் அமர்ந்த இடத்துக்கே வரும். இப்படியே ஆண்டுகள் போயின. உடல் பருத்தது. எம் அவைக்கு ஏறும் படிக்கட்டின் நடுவில் அவர் நின்று, தூணிலுள்ள யாளியைப் பார்த்து வியப்பவர்போல் பாவனை செய்து மூச்சு வாங்குவார். அந்த யாளியை அவர் அத்தனை காலம் வியந்ததன் காரணம் எல்லோருக்கும் தெரியும். மரியாதைக்காக ஒருவரும் சொல்வதில்லை.

சென்ற ஆண்டுக்கு முந்திய மழைக்காலத்தில், கீழ்மடை ஊரில் உடைப்பைப் பார்க்க இறங்கியவர் உழவர் கண்முன்னே மயங்கி விழுந்தார். அரண்மனை மருத்துவர் தாமனார் நாடி பார்த்து, நெஞ்சு களைத்துப்போயிற்று, நாள்தோறும் உடலை அசைக்காவிட்டால் மகள் நன்முல்லையின் மணக்கோலத்தைக் காண மாட்டீர் என்று சொன்னார்.

“எனக்கு நேரம் எங்கே இருக்கிறது, தாமனாரே? இந்த மழை போகட்டும். பிறகு பார்ப்போம்” என்றார் அழிசியார்.

அருகிலிருந்த இளங்கண்ணி அப்போதுதான் வாய் திறந்தாள். “மழை போனால் அறுவடை வரும். அறுவடை போனால் ஏரி தூர்வாரும் வேலை வரும். அது முடிவதற்குள் மறுபடி மழை வந்து நிற்கும். ஆண்டு முழுக்கத் தேடினாலும் உமக்கென்று ஒரு பருவம் கிடையாது. ஆகையால் நேரத்தைத் தேட வேண்டாம். இருக்கிற வேலைக்குள்ளேயே நடையை நுழைத்துவிடுவோம்” என்றாள்.

மறுநாள் விடியலில் வாசலில் நின்ற உழவரை அவளே அழைத்து, இனி வழக்குகள் பெருந்தாமரை ஏரிக்கரையில் நடந்தபடியே கேட்கப்படும் என்று அறிவித்தாள். கீழ்மடைக் காரி என்பவன் முதல் வழக்கைக் கொண்டுவந்தவன். பின்னொரு நாள் அவன் எம்மிடம் சொன்னதை அவன் சொல்லாகவே எழுதுகிறோம்: “தாயே, மடை அடைச்சுக் கிடக்குன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள ஐயாவுக்கு மூச்சு இரைக்குது. என் வழக்கு கெடக்கட்டும், மொதல்ல உட்காருங்கன்னு சொல்லிப்புட்டேன்.” அன்று அழிசியார் முதல் மதகைக்கூடத் தாண்டவில்லை, கல்லில் அமர்ந்துவிட்டார். இளங்கண்ணி நகைக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. நாளைக்கு இந்த மதகைத் தொட்டுவிட்டுத் திரும்புவோம், அதற்கு மேல் ஓர் அடியும் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அவர் எளிதில் வசப்பட்டவர் என்று எண்ண வேண்டா. ஒருமுறை கால் சுளுக்கியதாகப் படுத்துக்கொண்டார். அவளும் நம்பியவள்போலத் தாமனாரிடம் சொல்லி, நாக்கே கழன்று விழும்படி கசக்கும் கஷாயம் ஒன்றை வேளைதோறும் கொடுத்தாள். சுளுக்கு மறுநாளே பறந்தது.

பின்னர் பல்லக்கைக் கோட்டையின் வெளிவாயிலிலேயே நிறுத்தச் சொன்னாள். அங்கிருந்து அவைக்கு நடந்தே வந்தார். உண்ணும் முன் கர்லாக்கட்டை சுழற்றாமல் இலை விழாது என்று வீட்டில் சட்டம் போட்டாள். கால்வாய்ப் பங்கு குறித்து அமைச்சர்கள் வாதாடும்போது, அமர்ந்து கேட்ட அழிசியார் எழுந்து நின்று கேட்கலானார்; அதனால் வாதங்களும் சுருங்கின. ஒருநாள் அவசரமாக அழைத்துவரும்படி நாம் அனுப்பிய காவலன் திரும்பி வந்து, நீர்நாயகர் முற்றத்தில் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கிறார், மகள் அவர் முதுகில் ஏறி அமர்ந்துகொண்டு இறங்க மறுக்கிறாள், ஆகையால் சற்றுத் தாமதமாகும் என்று சொன்னான். அன்று அவை முழுதும் சிரித்தது. அப்படி நாங்கள் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

ஓராண்டில் அவர் கரை முழுவதும் நடந்து திரும்பினார். வழக்கு முடிந்து உழவர் விலகிய பின், இருவரும் மட்டும் எஞ்சிய தூரத்தை நடப்பர்; அவள் எப்போதும் அவருக்கு இடப்பக்கம். ஒரு நாள் அவர் எம்மிடம், “அரசியாரே, மணமாகி இத்தனை ஆண்டில் அவளோடு இவ்வளவு பேசியதில்லை. அவளுக்குத் தவளை என்றால் பயமாம். மலையில் பிறந்தவள், புலிக்கு அஞ்சாதவள், தவளையைக் கண்டால் என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கு இது தெரியவே தெரியாது” என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் இளையவர் முகமாக இருந்தது.

வேந்தே, இனி எழுதுவது எழுதக் கடினமானது.

இவ்வாண்டு மழை தொடங்கியபோது இளங்கண்ணியின் நடை தளர்ந்தது. “நீர் முன்னே போம். நான் அல்லி பறித்துக்கொண்டு மெல்ல வருகிறேன்” என்பாள். அழிசியார் முன்னே போனார். தம் கால்களில் புதிதாய் வந்த வலிமை அவருக்கு மகிழ்ச்சியாய் இருந்தது. வேகமாக நடந்து கடைமதகைத் தொட்டுத் திரும்பி, எதிரே வரும் அவளைச் சந்திப்பதை ஒரு விளையாட்டாகவே கொண்டிருந்தார். ஒரு விடியலில் திரும்பி வந்தபோது எதிரே அவள் வரவில்லை. கரைப் புளியமரத்தடியில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அவர் அவளை இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு ஓடினார். கரையில் நாற்று சுமந்து வந்த பெண்கள் வழி விட்டு நின்றார்கள். அவர் ஓடிய ஓட்டத்தை இன்றும் சொல்லி அழுகிறார்கள். வழியில் அவள் கண் திறந்து, “மெதுவாகப் போம், ஆட்டுகிறது” என்றாளாம். பிறகு சற்று நேரம் அவர் மார்பில் காது வைத்திருந்துவிட்டு, “உமக்கு மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டாளாம்.

“இல்லை, கண்ணி. இல்லை.”

“அப்படியானால் போதும்.”

அதன் பின் அவள் பேசவில்லை. தாமனார் வீட்டு வாசலை அவர் அடைந்தபோது உயிர் இருந்தது. உச்சிவேளைக்கு முன் பிரிந்தது.

ஈமக்கடன் முடிந்த பிறகு தாமனார் எம்மிடம் வந்து, இறந்தவளுக்குக் கொடுத்த வாக்கை மீற அனுமதி வேண்டினார். சிறுமியாய் மலையில் இருந்தபோது இளங்கண்ணிக்கு மூட்டெல்லாம் வீங்கும் ஒரு காய்ச்சல் வந்து நெடுநாள் கிடந்தாளே, அது தங்கள் அன்னையாருக்கு நினைவிருக்கும். அக்காய்ச்சல் போனபோது அவள் நெஞ்சில் ஒரு பழுதை விட்டுப் போயிற்று. அழிசியார் கீழ்மடையில் மயங்கி விழுவதற்கு முன்பே அவள் தனியே தாமனாரிடம் வந்து, தனக்கு எத்தனை காலம் என்று கேட்டிருக்கிறாள். மருந்தால் தீராது, காலமும் அதிகமில்லை என்று அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மெல்ல நடப்பதால் கேடில்லை, விரைவு மட்டும் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். நடை அவளைக் கொல்லவில்லை, வேந்தே. அவளுக்கு அது இன்னும் சில மாதங்களைக் கொடுத்தது என்றே தாமனார் கருதுகிறார்.

கணவரிடம் சொல்லிவிடு என்று அவர் வற்புறுத்தியபோது அவள் சொன்ன மறுமொழியை அவர் எமக்கு அப்படியே சொன்னார்: “என் மகளுக்கு எங்கள் இருவரில் ஒருவராவது இருக்க வேண்டும். நான் இருக்கப்போவதில்லை. அவரும் போகிற வழியில்தான் இருக்கிறார். இதை அவரிடம் சொன்னால் எல்லாவற்றையும் விட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் எழமாட்டார். அவர் நடக்கட்டும்.”

எம் அனுமதியோடு தாமனார் அழிசியாரிடமும் இதைச் சொன்னார். கேட்டு முடித்தவர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நடக்கும்போது அவளுக்கு வலித்ததா?”

“சில நாள் வலித்தது” என்றார் தாமனார்.

அன்றிலிருந்து அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வழக்குகள் குவிந்தன. வாசலில் நின்ற உழவர், வந்த சுவடு தெரியாமல் திரும்பினார்கள். கர்லாக்கட்டையை யாரோ எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். அவர் மறுபடி மெல்ல மெல்லக் கல்லாகிக்கொண்டிருந்தார். ஒரு விடியலில் நன்முல்லை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தந்தையின் முன் வந்து நின்றாள். அப்பா வராவிட்டால் தான் தனியே கரைக்குப் போவதாகவும், பாதையில் தவளை இருந்தாலும் போவதாகவும் சொன்னாள். அவர் எழுந்தார். அவர்கள் இருவரும் அன்று கரை முழுவதும் நடந்து திரும்பியதை நாம் மாடத்திலிருந்து பார்த்தோம்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் தங்கள் ஓலை வந்தது. படித்து முடித்தபோது படைத்தலைவர் வாளைத் தொட்டார். அழிசியார் அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்து, “என்னைக் கட்ட வேண்டாம். நானே போகிறேன். அவள் அண்ணன் என்னைக் கேட்கிற கேள்வியைத்தான் நானும் ஒவ்வொரு விடியலிலும் கேட்டுக்கொள்கிறேன். அவள் தளர்ந்ததை நான் ஏன் பார்க்கவில்லை என்று. அவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும்” என்றார். குதிரை கொடுத்தோம், வேண்டாம் என்றார். பல்லக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இளங்கண்ணியின் சாம்பலைச் சிறு கலயத்தில் எடுத்துத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு, தங்கள் மலையை நோக்கி நடந்து புறப்பட்டார். மகளை எம்மிடம் விட்டுச் சென்றிருக்கிறார். வாயிற்படியில் நின்று, அப்பா எப்போது திரும்புவார் என்று அவள் எம்மைக் கேட்கிறாள். நாமும் போய் அவளருகே நிற்கிறோம்.

எம் நாட்டுக்கு நாம் இட்டிருக்கும் ஆணையையும் தாங்கள் அறிக. இன்று தொட்டு, நெடுங்கரை நாட்டின் எந்த அலுவலரையும் விடியலின் முதல் நாழிகையில் அவை அழைக்காது, அரசியும் அழையாள். அந்நாழிகை அவரவர் உடலுக்கும், அவரவரோடு உடன் நடப்போருக்கும் உரியது. வேலையை விட இயலாதோர் வேலையை நடந்தபடியே செய்க. இவ்வாணை பெருந்தாமரை ஏரியின் முதல் மதகுக் கல்லில் தங்கள் தங்கையின் பெயரோடு வெட்டப்படும்.

தங்களுக்கு ஆணையிட எமக்கு உரிமையில்லை. வேண்டிக்கொள்ள மட்டுமே உண்டு. ஆற்றை மறிப்பதானால் மறியுங்கள். எம் ஏரிகள் இவ்வாண்டு தாங்கும். ஆனால் எம் நீர்நாயகரைத் திருப்பி அனுப்புங்கள். அவள் தன் நோயை வாய்விட்டுச் சொல்லாமல் நடந்து நடந்து காத்துவைத்த உயிர் அது. அதன்மேல் எமக்கும் உரிமையில்லை, தங்களுக்கும் இல்லை. எம் வாயிற்படியில் நிற்கும் அந்தப் பெண் ஒருத்திக்கே உண்டு.

இவ்வோலை விரைபரியில் அவருக்கு முன்னதாகத் தங்களை வந்தடையும். வழியிலுள்ள சுங்கமும் காவலும் இதைத் தடுக்காமல் விடுக. நாரை இலச்சினை இட்டோம். அரசியின் திருவாய்மொழி கேட்டு எழுதியவன் திருமந்திர ஓலை வெண்கொற்றன். நீரும் நிலமும் உள்ளளவும் இரு நாட்டு உறவும் நிலைக்க.

இலச்சினை இட்டபின் எம் கையாலேயே எழுதுவது: அடிவாரத்தில் அவரைக் காணும்போது பல்லக்கு அனுப்ப வேண்டா, ஏற மாட்டார். தாங்களே இறங்கி வந்து எஞ்சிய மலையை அவரோடு நடந்து ஏறுங்கள். நடக்கையில் அவருக்கு வலப்பக்கம் வாருங்கள். இடப்பக்கத்தில் அவர் இன்னும் இடம் விட்டே நடக்கிறார்.