கொழுந்து விலையும் என் சிரிப்பும்

ஜூலை 9, திங்கள்
கூடலூரில் காலையிலிருந்து விடாத மழை. புடவை எதுவும் காயவில்லை. நேற்றைய நீலமே மறுபடியும். மதியம் செய்திப் பதிவு, ஏழு மணிக்கு ஒளிபரப்பு. கேபிள் முதலாளி பாபு அண்ணன்தான் கேமராமேனும். தேயிலை விலை இன்றும் சரிவு. நடுவட்டம் சாலையில் மண்சரிவு. இரண்டு ‘சரிவு’ம் அடுத்தடுத்து வர, நாக்குக் குழறியது. திரும்பவும் பதிவு.

ஜூலை 10, செவ்வாய்
பதிவு சீக்கிரம் முடிந்தது. அம்மாவைப் பார்க்க தேவாலா பஸ். இறங்கிய இடத்து டீக்கடையில் டிவி, என் செய்தி. தலையில் ஸ்கார்ஃபோடு ஓரமாக உட்கார்ந்தேன். மற்றவர்களோடு உட்கார்ந்து என்னை டிவியில் பார்ப்பது இதுவே முதல் தடவை. விலை சொல்லும் முன்பே ஒருவர்:

“எறங்கிருச்சுங்க.”

“எப்படிங்க சொல்றீங்க?” பக்கத்து பெஞ்சுக்காரர்.

“அந்தப் புள்ள சிரிக்குதல்லங்க. சிரிச்சா எறங்கிருச்சுன்னு அர்த்தம்.”

யாரும் மறுக்கவில்லை. விலையும் இறங்கித்தான் இருந்தது.

அம்மா எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள்; அங்கேயே தொழிலாளர் லயத்தில் வீடு. அவளிடம் கேட்டேன். “லயத்துல எல்லாருக்கும் தெரியும் புள்ள. ஒனக்குத் தெரியாதா?”

ஜூலை 11, புதன்
பழைய கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். மரணச் செய்திக்குச் சிரிப்பில்லை. மந்திரி வருகைக்கும் இல்லை. விலை இறங்கினால் மட்டும், வாசிக்கும் முன் சின்னதாக ஒன்று. ஏன்? ஆறுதலா, பயமா? சூப்பர்வைசரிடம் லீவு கேட்கும்போது அம்மாவும் இப்படித்தான் சிரிப்பாள்.

பாபு அண்ணன்: “நல்லாத்தான இருக்குது, விடும்மா.”

வாங்க: மண்ணெண்ணெய், ஹேர்பின், தொண்டைக்கு அதிமதுரம்.

ஜூலை 12, வியாழன்
பதிவுக்கு முன் கோவையிலிருந்து போன். எஸ்டேட் கம்பெனியின் ஹெட் ஆபீஸ். அம்மா வேலை செய்யும் எஸ்டேட்டும் ஃபேக்டரியும் நாளை முதல் மூடல், செய்தியில் சொல்லிவிடச் சொன்னார்கள். காரணம் கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

“முடியலைன்னா நான் வாசிக்கறேன்மா,” என்றார் பா. அண்ணன்.

நானே வாசித்தேன். சிரிக்கவில்லை. கன்னம் வலித்தது. லயத்தில் போன் இல்லை. அம்மாவுக்கு முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

ஜூலை 13, வெள்ளி
மழை விட்டிருக்கிறது. பா. அண்ணனைக் கேமராவோடு எஸ்டேட்டுக்கு இழுத்துப் போனேன். இதுவரை வாசித்ததோடு சரி; யாரிடமும் போய்க் கேள்வி கேட்டதில்லை. ஃபேக்டரி கேட்டில் பூட்டு. வெளியே கூட்டம். கேட் ஓரத் திண்டில் அம்மா. உள்ளே மேனேஜர் மட்டும்.

“எப்பங்க சார் தொறப்பீங்க?” என் குரல் எனக்கே புதிது.

“நீங்க நியூஸ் வாசிக்கறவங்கதானே?”

“ஆமாங்க.”

“எனக்கும் நேத்து நீங்க வாசிச்சுத்தாங்க தெரியும். போன் பண்ணினா ஹெட் ஆபீஸ்ல எடுக்க மாட்டேங்கறாங்க.”

மேனேஜர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “உங்ககிட்ட வேற என்ன சொன்னாங்க?”

“வேற ஒண்ணுமே சொல்லலீங்க.”

மேனேஜர் பூட்டைத் திறந்து வெளியே வந்தார். அம்மா சற்று நகர்ந்து, திண்டில் அவருக்கு இடம் விட்டாள்.