மலையிலிருந்து கேட்ட மணி

ரொறன்ரோ
13.02.1989

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் சிமியோன் எழுதுவது. மாதாவின் துணையால் நான் சுகம். உங்கள் கால்வலி எப்படி? அப்பாவை ஆமிக்காரர் கடலுக்குப் போக விடுகிறார்களா?

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அறையில் ஒரு விளையாட்டு நடக்கிறது. நான் கதை சொல்வேன். கூட இருக்கும் இருவரும் அதற்குள் வீரர்களாகி, தாயக்கட்டை உருட்டிப் பயணம் போவார்கள். போன மாதம் எந்த வழியில் போவதென்று கதைக்குள் சண்டை வந்து, இணுவில் சோமசேகரம் மலைக்கும் அரியாலைக் குகனேசன் கடலுக்கும் பிரிந்து போனார்கள். பிறகு வீட்டிலும் முகம் பார்க்கவில்லை, சமையலும் தனித்தனி.

நான் யோசித்து இருவருக்கும் வேறு வேறு வேலை கொடுத்தேன். பூதம் ஒளித்துவைத்த கோயில் மணியைச் சோமசேகரம் மீட்டு அடிக்க வேண்டும். பனிமூட்டத்தில் திசை தவறிய தோணியைக் குகனேசன் கரைசேர்க்க வேண்டும். நேற்றுச் சோமசேகரம் மணியை அடித்தான். உடனே நான் குகனேசனிடம், "தூரத்திலை ஒரு மணிச் சத்தம் கேக்குது" என்றேன்.

சோமசேகரம் எழும்பிவிட்டான். "உது நான் அடிக்கிற மணியடா. தோணியை இஞ்சாலை திருப்பு."

"விடாமல் அடி மச்சான், வாறன்" என்றான் குகனேசன்.

பிறகு ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டோம்.

நட்சத்திரம் இல்லாத இரவில் கரையை எப்படிப் பிடிப்பதென்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த கதைக்கு வேண்டும். கொஞ்சம் மிளகாய்த்தூளும் அனுப்புங்கள். கடிதத்தை நீளமாக எழுதுங்கள் அம்மா, மூன்று பேரும் சேர்ந்துதான் வாசிப்போம். பஸ் வருகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்
சிமியோன்