செவிலில் ஒரு கட்டில்

1927 ஜனவரி 9, ஞாயிறு

பனி விலக நேரமாயிற்று. பர்மிய மருமகள் மா கின் வாசலில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்காச் சேவை விற்று முடித்துப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது கருப்பையா வந்தான். என் மகன் வைத்தியோடு ஒரே கப்பலில் கரி தள்ளுகிறவன். கப்பல் நேற்றே ரங்கூன் அலோன் துறைக்கு வந்துவிட்டதாம். வைத்தி அதில் வரவில்லை.

“செவில்னு ஒரு ஊரு, வாத்தியாரய்யா. ஸ்பெயின் தேசம். நம்ம ரங்கூன் கணக்கா ஆத்துக்குள்ள ரொம்பத் தூரம் போகணும். அங்க வச்சுக் காய்ச்சல் கண்டுருச்சு. கப்பல் நிக்காதுன்னாக. ஆசுபத்திரியில சேத்துட்டு வந்தோம்.”

மா கின் ஈரக் கையோடு நின்றாள். “கோ கருப்பையா, அவர் பேசினாரா?” கோ என்றால் அவள் பாஷையில் அண்ணன்.

“பேசுனான் தங்கச்சி. சோத்துக்கு இங்க என்னடா பேருன்னு கேட்டான்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 17, திங்கள்

கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வைத்திலிங்கம் என்ற பெயரைக் கொடுத்து விசாரிக்கச் சொன்னேன். செவிலில் உள்ள ஆங்கிலேயக் கான்சலுக்கு எழுதுவார்களாம். பதில் வர மாதங்கள் ஆகும். அதுவரை நான் என்ன செய்வது?

ஜனவரி 30, ஞாயிறு

நூலகத்தில் அந்த ஊரைப் பற்றி இருந்ததையெல்லாம் எடுத்துப் படிக்கிறேன். அவன் கிடக்கும் இடம் எப்படி இருக்கும் என்றாவது தெரிய வேண்டாமா?

ரோமர்கள் கட்டிய ஊர். பிறகு அராபியர் வந்தார்கள். ரோமர் எழுத்து வெட்டிய கற்களையே அடியில் போட்டுப் பெரிய மசூதிக்குக் கோபுரம் எழுப்பினார்கள். பிறகு கிறிஸ்தவ ராஜாக்கள். மசூதி போய் மாதா கோயில் வந்தது. கோபுரத்தை மட்டும் இடிக்க மனம் வரவில்லை போலும், அதன் தலையில் மணிக்கூண்டு கட்டினார்கள். தொழ வந்தவர்கள் கை கால் கழுவிய முற்றம் இன்றும் இருக்கிறது, ஆரஞ்சு மரங்களோடு. கோபுரத்துக்குள் பெரும்பாலும் படியே கிடையாது, சரிவுப் பாதைதான். பாங்கு சொல்கிறவர் குதிரையிலேயே ஏறிப் போவாராம்.

மா கின்னிடம் சொன்னேன். அவளுக்குப் புரியும்படி ஓர் உதாரணமும் சொன்னேன். பழைய புத்தர் கோயில் பகோடாவை உள்ளே வைத்து அதைச் சுற்றிப் பெரிய பகோடா கட்டுவதில்லையா, அதுபோல.

“பகோடான்னா உள்ளயும் வெளியவும் ஒரே சாமி, அப்பா. அங்க உள்ள இருக்கறவங்க கோவிச்சுக்கலையா?”



மார்ச் 6, ஞாயிறு

எதிர்வீட்டு ரெங்கசாமி வாசலிலிருந்தே கத்தினார். “ஓய், பிள்ளை காய்ச்சல்ல கெடக்கான், நீர் அங்க கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறீராமே!”

சிரித்து வைத்தேன். வேறு எப்படித்தான் அவன் பக்கத்தில் போய் உட்காருவது?

மார்ச் 20

தபால் இல்லை. வெயில்.

மே 9, திங்கள்

பதில் வந்துவிட்டது. வைத்திலிங்கம் என்று யாரும் அந்த ஆசுபத்திரியில் சேரவில்லையாம். சேரவே இல்லையாம்!

மா கின் கொண்டையில் பூ வைத்துக்கொண்டாள். “எறங்கி ஓடிட்டார் அப்பா. வேற கப்பல்ல வர்றார், பாருங்க.”

நம்பாதே என்று புத்தி சொல்கிறது. நான் அதைக் கேட்கவில்லை. இன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 15, ஞாயிறு

கருப்பையாவை நானே தேடிப் போய்ச் சந்தோஷமாகச் சொன்னேன். அவன் துறையில் கிடந்த அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“வாத்தியாரய்யா… கன்னியாஸ்திரியம்மா பேரக் கேட்டாக. அந்தோணின்னு சொல்லிட்டேன். வேதக்காரன்னா நல்லாப் பாப்பாகன்னு… அவன் நெத்தியில இருந்த துன்னூறையும் நாந்தான் தொடச்சு விட்டேன்.”

கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தோளில் வைத்தேன்.

அவன் செய்தது தப்பா? நான் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பேன் — அய்யோ, நெத்தியத் தொடச்சானே! எம் புள்ள கண்ணு முழிச்சு, அந்தோணின்னு யாரைக் கூப்புடுறாகன்னு பாத்திருப்பானே!

மே 16

கம்பெனி அலுவலகத்தில் அந்தோணி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மா கின் இன்று பூ வைக்கவில்லை.

ஜூலை 25, திங்கள்

அலுவலகக் குமாஸ்தா நின்றுகொண்டே படித்தார். அந்தோணி, ரங்கூன் கப்பலாள். டிசம்பர் நான்காம் தேதி இறந்தான். கத்தோலிக்கர் நிலத்தில், சிலுவை நட்டுப் புதைத்தார்கள். சில வருடம் கழித்து எலும்பை எடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிட்டு, அந்தக் குழியை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள்.

“அந்த நாட்டு வழக்கம், சார்” என்றார் மெதுவாக.

டிசம்பர். நான் கோபுரத்தில் குதிரை ஏற்றிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் மண்ணுக்குள் இருந்திருக்கிறான். அடியில் யார், மேலே யார் என்று எவ்வளவு ஆசையாகப் படித்தேன். இனி அந்தப் புத்தகங்களைத் தொட மாட்டேன்.

ஜூலை 28, வியாழன். ஆடி அமாவாசை

ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். என் அப்பா பெயர், தாத்தா பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன்.

“இன்னும் யாராவது உண்டா?” என்றார் ஐயர்.

வாய் திறந்தேன். வைத்திலிங்கம் என்ற பெயரில் அந்த மண்ணில் யாரும் இல்லை. அந்தோணியை நான் பெறவில்லை. எந்தப் பெயருக்கு விடுவது?

“பெரியவரே, சொல்லுங்க, இல்லாட்டி நகருங்க. மழை வருது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நகர்ந்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்கு ஒரு கை தண்ணீர் விட என்னால் முடியவில்லை.

வீட்டில் மா கின் பௌத்தர் வழக்கப்படி இறந்தவர்களோடு தன் புண்ணியம் பகிர உட்கார்ந்திருந்தாள். சின்னச் செம்பிலிருந்து கிண்ணத்துக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டபடி இரண்டு பெயரையும் சொன்னாள். வைத்திலிங்கம். அந்தோணி. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, அவர் குழியில அடுத்து வைக்கப்போறவங்க பேர் என்ன?”

“தெரியாதம்மா. இப்போ உயிரோடதான் இருப்பாங்க.”

“அப்ப சொல்லக் கூடாது.”

கிண்ணத்தை எடுத்துப்போய் வாசல் மண்ணில் கவிழ்த்தாள். நானும் கூடப் போய் நின்றேன். மழையில் ஊறிய மண். தண்ணீர் உள்ளே இறங்காமல் அப்படியே நின்றது.