மாட்டு வைத்தியர் எப்போது வருவார்?

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

பட்டணத்துக் கல்லூரி மாணவர்கள் இன்றும் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். கோமாரியில் மாடுகள் சாவதை எழுதிக் கொடுத்தால் சர்க்கார் எங்கள் ஊரான எருத்தேன்பதிக்கு ஒரு மாட்டு வைத்தியரை அனுப்பும் என்று நம்புகிறார்கள். எங்கள் தெருவில் தமிழ்தான் என்பதால், அவர்களுடைய மலையாளத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு நானும் கூடவே போனேன்.

எத்தனை மாடு என்று கேட்டதும் கருப்பாத்தாள் அக்கா, "என்னமோ ஒண்ணு கெடக்குதுங்க" என்றாள். கொல்லையில் நாலு நிற்கின்றன. உயிரோடிருப்பதை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடுமாம். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். கணக்கில் மாடே இல்லாத ஊருக்கு வைத்தியரை யார் அனுப்புவார்கள்?

"செத்ததைக் கேளுங்கள்" என்றேன் மாணவர்களிடம். கேட்டார்கள். அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். செவலை, மயிலை, சினையாயிருந்த காரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து தங்கள் மாடுகளைச் சொன்னார்கள்.

கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். "அம்மிணி, வைத்தியரு எப்ப வருவாருன்னு கேளு. எங்கூட்டுக் கன்னுக்குட்டி காத்தாலயிருந்து நொரை தள்ளுது."

கேட்டேன். மேலிடத்துக்கு எழுத வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்கள்.

அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை. "சீக்கிரம் வந்துருவாருங்கக்கா" என்றேன்.

"அப்பொ வேலந்தாவளத்து நாட்டு வைத்தியருகிட்ட ஓட வேண்டாம்" என்று கன்றின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள்.

விடிந்ததும் போய் அவளை வேலந்தாவளத்துக்கு அனுப்பியாக வேண்டும். என்ன சொல்லி அனுப்புவேன்?