கழித்தபின் மிஞ்சியது

உன் ஹார்ட் டிஸ்க் என் மேசையில் இருக்கிறது. வயலின் பெட்டிக்குள்ளேயே அதை வைத்திருந்தாய். அதனால் அதன் துணிப்பையில் வில்லுக்குத் தேய்க்கும் ரோசினின் வாசனை இன்னும் போகவில்லை. மேலே புதிதாக ஒட்டிய சீட்டு: 'ஃப்ளாக், ஒரிஜினல்'. எழுதியவர் உன் மருமகன். அந்த இரண்டு சொற்களில் இரண்டாவது பொய்.

கொண்டுவந்து கொடுத்தவள் உன் மகள். நீ போனபிறகு, ஒலியில் எதையும் வெட்டாத ஃப்ளாக் கோப்புகளாக நீ சேமித்த வயலின் பதிவுகளைத் திறக்க அவளுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

"அங்கிள், வாசிக்கறதுக்கு முன்னாடி அப்பா ஒரு மூச்சு இழுப்பாரில்ல? அது எதுலயும் கேக்கல. இவர் என்னன்னா எனக்குப் பிரமைங்கறார். நீங்க கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். மூச்சு இருந்த இடத்தில் தண்ணீருக்கடியில் ஏதோ சலசலப்பது போல இருந்தது.

உன் மருமகனை அழைத்தேன். பெங்களூர் ஹெப்பாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

"டிஸ்க் ஃபுல் ஆயிடுச்சு அங்கிள். அதான் எல்லாத்தையும் சின்னதா எம்பி3 பண்ணேன். அப்புறம் இவ ஃப்ளாக்தான் வேணும்னா. சரின்னு வேற டிஸ்க் வாங்கி, மறுபடியும் ஃப்ளாக்கா மாத்திட்டேனே. சைஸ் பாருங்க, கிட்டத்தட்ட பழையபடி வந்துடுச்சு."

"மூலக் கோப்புகள்?"

"டிலீட் பண்ணாம எடம் எப்படி அங்கிள் வரும்? சும்னே டென்ஷன் ஆகறீங்க. கேட்டா ஒரே மாதிரிதான் இருக்கு."

மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர். எம்பி3 வெட்டி எறிந்ததை, பாத்திரத்தைப் பெரிதாக்கினால் திரும்பப் பெறலாம் என்று நம்பியிருக்கிறார். நான் குரலை உயர்த்தவில்லை. வீட்டுக்கு வரும்படி மட்டும் சொன்னேன்.

முன்பு, என் ஃபோன் ஃப்ளாக்கை ஏற்காது என்பதால், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உன் அண்ணன் வீட்டு மாடியில் நீ வாசித்து நாம் பதிவுசெய்த கல்யாணி ராகத்தை எனக்கென்று, அதேபோல் எதையும் வெட்டாத அலாக் கோப்பாக மாற்றிக் கொடுத்தாய். "உன் ஃபோனுக்கு மட்டும் தனிப் பந்தி போடணும்" என்று அலுத்துக்கொண்டாய். ஏதாவது குறைந்துவிடுமா என்று கேட்டேன். "வேட்டியை எப்படி மடிச்சா என்னடா? கத்தரிக்கோல் வைக்காத வரைக்கும் அதே வேட்டிதான்."

ஆனாலும் நீ சும்மா நம்புகிறவன் இல்லை. மாற்றிய கோப்பின் ஒலியலையைத் தலைகீழாக்கி, மூலத்தோடு சேர்த்து ஓடவிடுவாய். இரண்டும் ஒன்றானால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், எதுவும் கேட்காது. "கழிச்சா சுழி வரணும்." அந்தச் சுழியைக் கடைசிவரை கேட்காமல் நீ எழுந்ததில்லை, எனக்கும் ஒரு ஹெட்ஃபோனை மாட்டிவிடுவாய். காபியோடு வந்த என் மனைவி ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள்: "அரை மணியா ரெண்டு பேரும் என்னத்தண்ணா கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்லாததைத்தாம்மா."

இருவரும் வந்தார்கள். உன் மருமகனின் கண்ணெதிரே, என்னிடமிருந்த கல்யாணியை அலாக்கிலிருந்து ஃப்ளாக்குக்கு மாற்றி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். நிசப்தம். பிறகு டிஸ்க்கிலிருந்த அவருடைய 'ஒரிஜினல்' கல்யாணியைத் தலைகீழாக்கி, என்னுடையதோடு தொடக்கம் பிசகாமல் பொருத்தி, அதே வேலையைச் செய்தேன்.

சுழி வரவில்லை. சுருதி இல்லை, ராகம் இல்லை. நரம்பில் வில் உரசும் ஓசை மட்டும் மெலிதாக இழைந்தது. அதற்கு முன்னால், உடைந்து, ஆனால் தெளிவாக, உன் மூச்சு.

"இதுதான் அங்கிள்" என்றாள் உன் மகள். கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இவ்வளவுதான் போச்சா?" என்றார் அவர்.

"இவ்வளவும்" என்றேன். "இது ஒன்றில்தான் போனது எது என்று தெரியும். மற்றவற்றில் கழித்துப் பார்க்கவும் மூலம் இல்லை."

அவர் வருத்தம் தெரிவித்தார். நான் ஏற்கவில்லை, அதை அவரிடமே சொன்னேன். நீ இருந்திருந்தால் ஏற்றிருப்பாய். அந்தத் தாராளம் உன்னுடையது.

கல்யாணி முழுவதையும் உன் மகளுக்கு ஃப்ளாக்காகக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன், வழக்கம்போல, இறுதிவரை உட்கார்ந்து சுழியைக் கேட்டேன். இரண்டாவது ஹெட்ஃபோன் மேசையில் கிடந்தது. அந்தச் சீட்டில் 'ஒரிஜினல்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டேன்.